நான் கூப்பிட்டாலும் இறங்காதே

மலையை விட்டு இறங்கும்போதே வடக்கே நகரி மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. ஆனால் திருத்தணியில் இன்னும் வெயில்தான். ஆம்னி வேனின் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. புவனாவின் மடியில் யுவஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கார்த்திகையில் டெங்கு வந்து, பிழைக்குமோ பிழைக்காதோ என்று ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை. பிழைத்தால் முடி தருகிறேன் என்று புவனா முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். அது இன்றைக்குத்தான் நிறைவேறியது.

"பாவா, அந்தப் பக்கம் பாரு. மழ வர்ற மாதிரி கீது. பஸ் ஸ்டாண்டாண்ட கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாமா?"

சந்திரமோகன் எட்டிப் பார்த்தான். அவன் அவளுக்கு மாமன் மகன். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவள் வாயில் பாவாதான். பொதட்டூர்பேட்டையில் வீட்டோடு விசைத்தறி ஓட்டுகிறவன். இந்த வேனும் துணி மூட்டை ஏற்றுவதற்காக வாங்கியதுதான்.

"அது நகரியாண்ட பெய்யுது. இங்க வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். பத்மா தனியா தறிய பாத்துகினு இருக்கா," என்றான். பத்மா அவன் தங்கை.

ஊரைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் காற்று சுத்தமாக நின்றுபோனது.

கரும்புத் தோட்டத்தில் ஒரு தோகை அசையவில்லை. வேனுக்குள் அனலில் மூச்சு முட்டியது. கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த மைனாக்கள் ஒன்றாக எழும்பித் தெற்கே பறந்தன. எதிரே டீக்கடைக்காரர் ஒருவர் வெளியே கிடந்த பெஞ்சை அவசர அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். அவர் இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டி என்னமோ கத்தினார். சந்திரமோகன் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனான்.

புவனா திரும்பிப் பார்த்தாள். செம்மண் புழுதி ஒரு மதில் போல எழும்பி வந்துகொண்டிருந்தது. டீக்கடை அதற்குள் மறைந்தது.

அடுத்த நிமிஷம் வேனைப் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது.

பகல் அணைந்துவிட்டது. மண் வாசனையும் பச்சை இலை கிழிந்த வாசனையும் மூக்கில் ஏறின. ஆலங்கட்டி தகரக் கூரையில் கல்லெறிவது போல விழுந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த பைக், ஓட்டியவனோடு அப்படியே சாய்ந்து தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. அவன் எழுந்து தவழ்ந்து ஒரு கல்வெர்ட்டுப் பாலத்தின் அடியில் நுழைவதைப் புவனா பார்த்தாள். எங்கிருந்தோ பிய்ந்த தகரம் ஒன்று காகிதம் போலச் சுழன்று, வேனுக்கு முன்னால் கத்தி மாதிரி ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போனது.

"நிறுத்து பாவா!"

"இங்க நிறுத்த முடியாதுமே. ஏரிக்கர இது. கவுத்துடும்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று வேனின் பக்கவாட்டில் அறைந்தது. இடது சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. யுவஸ்ரீ வீறிட்டாள். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சந்திரமோகன் முருகா முருகா என்றான். வேன் மறுபடி தரையில் விழுந்து, ஊர்ந்து, கரையைத் தாண்டி இறங்கியது. இறங்கிய இடத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் பழைய புளியமரங்கள்.

காற்று கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது. ஆனால் மேலே மரங்கள் போட்ட சத்தம் மனுஷர் முனகுகிற சத்தமாக இருந்தது. நாலு வண்டி தூரம் போவதற்குள் பெரிய கிளை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"மரத்துக்கடில நிக்கக் கூடாது," என்றான் சந்திரமோகன். "பின்னால போனா ஏரிக்கர. கிளைய இழுத்துப் போட்டுட்டா அந்தாண்ட வெட்டவெளி. அங்க பள்ளமா பாத்து நிறுத்திக்கலாம்."

"நீ இறங்காத."

"ரெண்டு பேரும் உள்ளயே இருங்க. தோ வந்துட்டேன்."

அவன் கதவைத் திறந்தபோது மழை உள்ளே பாய்ந்தது. லைட் வெளிச்சத்தில், குனிந்து, கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அவன் நடந்தான். கிளையைப் பிடித்தான். மழை திரண்டு அவனை மறைத்தது.

ஒரு வெடி.

இடி இல்லை. மரத்தின் அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். தரை ஆடியது. அதைத் தொடர்ந்து வேனின் கூரைமேல் சாட்டையால் விளாசியது போல ஏதோ விழுந்து வழுக்கி நின்றது. லைட் அணைந்தது.

"பாவா!"

மழைதான்.

எங்கேயோ ஒரு ரீங்காரம் கேட்டது. குளவிக்கூட்டைக் காதோடு வைத்த மாதிரி. கருகிய வாசனை லேசாக வந்தது. புவனா பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். ரோட்டின் மேல் தண்ணீர் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தெருநாய் எங்கிருந்தோ வாலை இடுக்கிக்கொண்டு, வேனின் அடியில் ஒதுங்குவதற்காக ஓடி வந்தது. சக்கரத்தருகே வந்ததும் ஒரே ஒரு முறை கத்தியது. பிறகு தண்ணீரில் காலை விறைத்துக்கொண்டு புரண்டது.

அவளுக்கு அது ஏன் என்று புரியவில்லை.

அப்போதுதான் அவள் பக்கத்துக் கதவை யாரோ தட்டினார்கள்.

"புவனா."

திரும்பினாள். சந்திரமோகன். கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு வந்த அதே வெள்ளைச் சட்டை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயோ பாவா, உயிரே போயிடுச்சு. சீக்கிரம் உள்ள வா."

"கதவத் தொற. இறங்கு," என்றான் அவன். "மரம் விழப் போவுது. பாப்பாவ தூக்கிகினு இறங்கு."

அவள் கை கைப்பிடியை நோக்கிப் போனது.

மடியில் கிடந்த செல்போன் அடித்தது.

திரையில் 'பாவா' என்று அவன் பெயர்.

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அவன் இரண்டு கையும் கதவில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் போன் இல்லை. பிறகு எப்படி? எடுத்துக் காதில் வைத்தாள்.

போனுக்குள் மழை இரைந்தது. காற்று அறைந்தது. அதற்கு நடுவே, மூச்சு வாங்க வாங்க, அவன் குரல்.

"புவனா... இறங்காத."

"பாவா?"

"வண்டி மேல கரண்டு ஒயரு கிடக்குது. கீழ கால் வெச்சா அவ்ளோதான். இரும்ப தொடாத. பாப்பாவ தொட வுடாத."

"நீ எங்க கீற?"

"மரத்தாண்ட. என்னால எழுந்து வர முடியல."

"அடிபட்டுச்சா? வலிக்குதா பாவா?"

"இல்ல. ஒண்ணும் வலிக்கல."

புவனா மெல்லத் தலையைத் திருப்பினாள். மின்னல் வெட்டியது. பகல் போல வெளிச்சம் வந்து நின்று போனது. அந்த வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. கூரையிலிருந்து வழிந்து பானட்டின் மேல் வளைந்து கிடந்த கம்பி. அதன் நுனியில் நீலமாகத் துள்ளிய பொறி. தண்ணீரில் விறைத்த நாய். அந்த நாய்க்குப் பக்கத்தில், அதே தண்ணீரில், கணுக்கால் நனைய நின்றுகொண்டு, இரண்டு உள்ளங்கையையும் வேனின் கதவில் பதித்திருந்த புருஷன்.

உயிருள்ள மனுஷன் அப்படி நிற்க முடியாது.

மரங்கள் எல்லாம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. அவன் சட்டை ஆடவில்லை. முடி கலையவில்லை. மடியில் இருக்கும் பிள்ளையிடம் அவள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவன் பேசியதோ ரகசியம் போல, காதுக்குள்ளேயே கேட்டது.

"கதவத் தொற, புவனா."

"பாவா," என்று போனில் கேட்டாள். "இங்க... வெளிய நீ நிக்கிற."

போனில் மூச்சு இழுக்கிற சத்தம்.

"அந்தப் பக்கம் பாக்காத."

"யாரு அது?"

"ஆளுங்க வந்து கரண்ட்ட நிறுத்திட்டோம்னு சொல்ற வரைக்கும் இறங்காத. நான் கூப்ட்டாலும் இறங்காத. கேக்குதா? நான் கூப்ட்டாலும்..."

இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். போகவில்லை. மறுபடி கூப்பிட்டாள். திரை இருண்டு அணைந்துபோனது.

வெளியே தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. கண்ணாடியில் ஆள் இல்லை.

பிறகு பின் கதவில் கேட்டது.

டொக். டொக்.

வலது பக்கம். டிரைவர் கதவில். மறுபடி பின்னால். காலடிச் சத்தமே இல்லாமல் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"யுவா கண்ணு."

குழந்தை தலையைத் தூக்கினாள்.

"யுவா, நைனா நனைஞ்சிகினு கீறேன்டா. கதவத் தொறந்து வா. நைனா தூக்கிக்கறேன்."

"அம்மா, நைனா வெளிய நிக்கிறாரு!"

"அது நைனா இல்லடி."

"நைனாதான்! தோ நிக்கிறாரே! நனையுறாரு, கதவத் தொறம்மா!"

யுவஸ்ரீ திமிறினாள். கையை நீட்டிக் கதவின் கொக்கியைத் தொடப் பார்த்தாள். புவனா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை அம்மாவின் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதிந்து ரத்தம் வந்தது. புவனா விடவில்லை. பட்டுப்புடவையின் முந்தானையை உருவி, பிள்ளையின் இரண்டு கையையும் சேர்த்துத் தன் இடுப்போடு சுற்றிக் கட்டினாள். பெற்ற பிள்ளையைக் கன்றுக்குட்டி போலக் கட்டிப்போட்டுவிட்டு, அதன் மொட்டைத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நைனா பாவம்... நைனா பாவம்..." குழந்தை தேம்பியது.

புகை வாசனை அதிகமானது. முன்பக்கச் சக்கரம் ஒன்றிலிருந்து கறுப்பாகப் புகை கிளம்பியது. வேன் பற்றிக்கொண்டால்? உள்ளே கிடந்து வெந்து சாவதா, கீழே குதித்து அந்த நாய் மாதிரிப் போவதா? எது பொய் சொல்கிறது? போனில் பேசியதே பொய்யாக இருந்தால்? பிள்ளையை எரிய விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் அது சொன்னதா?

"வண்டி எரியுது, புவனா," என்றது வெளியே. கெஞ்சுகிற குரல். பிரசவ வார்டு வாசலில் அவன் அழுத அதே குரல். "கொழந்தையக் கொன்னுடாத. எங்கிட்ட குடு."

அவள் கண்ணை இறுக மூடினாள். சஷ்டி கவசம் சொல்லப் பார்த்தாள். முதல் வரியே நினைவில் இல்லை. முருகா என்றுகூட வாயில் வரவில்லை. "பாவா, பாவா" என்று மட்டும் வந்தது. எந்தப் பாவாவைக் கூப்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கண்ணாடிமேல் நெற்றியை வைத்து அழுத்துகிற சத்தம் கேட்டது. கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை முனகியது.

"நான் மட்டும் எப்டி தனியா போவேன்?" என்றது.

அதற்கப்புறம் அது பேசவில்லை. ஆனால் போகவும் இல்லை. மூச்சு இல்லாத ஒன்று பக்கத்தில் நிற்பது தோலுக்குத் தெரிந்தது.

மழை ஒருமுறை வலுத்துக் கொட்டியது. சக்கரத்தின் புகை சீறி அடங்கியது. ரீங்காரம் நின்று நின்று வந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ. தூரத்தில் டார்ச் வெளிச்சம் ஒன்று ஆடியபோதும் அவள் அசையவில்லை.

"அம்மா! வண்டில யாரு? இறங்காதீங்க! கரண்டு கீது, இறங்காதீங்கம்மா!"

கிழட்டு ஆம்பளைக் குரல். காற்றில் சிதறி, பாதி பாதியாக வந்து சேர்ந்த குரல். இறங்காதே என்று சொன்ன குரல். அதனாலேயே அவளுக்கு அதை நம்பத் தோன்றியது.

பக்கத்து நிலத்துக்காரர் வீராசாமி அவர். கிட்டே வராமல் தூரத்திலேயே நின்றுகொண்டு, இதோ ஆள் வருகிறார்கள், பயப்படாதே, பிள்ளையைப் பிடித்துக்கொள் என்று கத்திக்கொண்டே இருந்தார். மின்வாரிய ஆட்கள் வந்து, கரண்டை நிறுத்தி, கம்பியை இழுத்துப் போட்டுவிட்டு, கதவைத் திறந்தபோதும் புவனா இறங்க மறுத்தாள். இரண்டு பேராகச் சேர்ந்து அவளையும் பிள்ளையையும் தூக்கித்தான் இறக்கினார்கள்.

"அவரு மரத்தாண்ட கீறாரு," என்றாள் அவள். "எழுந்து வர முடியலயாம். போன்ல பேசுனாரு. சீக்கிரம் தூக்குங்க."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புளியமரத்தை அறுத்துத் தூக்கத்தான் நேரமானது. அதன் அடியில் கிடந்தவனின் சட்டைப் பையில் செல்போன் தகடு போல நசுங்கியிருந்தது.

"நான் மோட்டார் கொட்டாய்ல நின்னு பாத்துகினே இருந்தேம்மா," என்றார் வீராசாமி. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "மரம் நேரா அவரு மேலதான் சாஞ்சிச்சு. அப்பவே போயிட்டாரு. சாஞ்ச மரம் லைனையும் இழுத்துகினு வந்துச்சு. அதுக்கப்புறந்தான் ஒயரு அறுந்து உங்க வண்டி மேல விழுந்துச்சு."

புவனா அவரையே பார்த்தாள்.

"இல்லீங்க. ஒயரு விழுந்திருக்குன்னு சொன்னதே அவருதாங்க."

வீராசாமி வேன் பக்கம் திரும்பினார். இடது கதவில் டார்ச் அடித்துப் பார்த்தார். பெயிண்ட் கருகி, இரண்டு உள்ளங்கை அளவுக்குத் தகரம் தெரிந்தது. டார்ச்சை அணைத்துவிட்டார்.

கருமாதி முடிந்தது. சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். வீட்டில் பத்மாவும், புவனாவும், குழந்தையும். தறியை பத்மாதான் ஓட்டினாள். தறிச் சத்தம் இருக்கும்வரை புவனாவுக்குப் பரவாயில்லை. நின்றால்தான் யோசனை வந்தது. சாகவிடாமல் காத்தது அவன் என்றால், வேன் கதவில் நின்று அழுதது யார்? அந்த அழுகையும் அவனுடையதுதானே? கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. பத்மாவிடமும் சொல்லவில்லை. அண்ணனை நினைத்து ஏங்கிக்கொண்டிருப்பவளிடம் என்னவென்று சொல்வது? யுவஸ்ரீ மட்டும் அம்மாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

ஆனி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம், காற்று சுத்தமாக நின்றுபோனது.

புவனா கொடியில் கிடந்த துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பிள்ளையை இழுத்துக்கொண்டாள். வாசலின் இரும்பு கேட்டைத் தாழ் போட்டாள். அதற்குள் முதல் காற்று தெருவில் புகுந்து தகரங்களை அதிர வைத்தது. கரண்ட் போயிற்று. ஊர் முழுக்கத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த ஊர் அப்படி அமைதியாவது எப்போதாவதுதான்.

கேட்டை யாரோ தட்டினார்கள்.

"புவனா... மழ தாங்க முடியல... தொற..."

மூச்சு வாங்குகிற குரல். போனில் கேட்ட அந்தக் குரல். காப்பாற்றிய குரல். அவள் நெஞ்சு அதை நோக்கித் தாவியது. ஒரு அடி எடுத்து வைத்தே விட்டாள்.

நான் கூப்ட்டாலும்.

நின்றாள்.

தறி அறையிலிருந்து பத்மா வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "அண்ணி, அண்ணன் குரல் கேக்குது. உங்களுக்குக் கேக்கலயா? அண்ணா! தோ வந்துட்டேன்!"

"பத்மா, கேட்ட தொடாத!"

பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். விழுந்த இடத்தில் புவனாவின் காதுக்கு அது கேட்டது. குளவிக்கூடு போல, இரும்புக்குள்ளிருந்து, மெல்லிய ரீங்காரம்.

"கரண்டுதான் இல்லயே அண்ணி," என்றாள் பத்மா அழுதபடி. "ஊருக்கே இல்லயே. வுடுங்க என்ன."

புவனா எழுந்தாள். தறி ரிப்பேருக்காக ஆணியில் மாட்டியிருந்த, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை எடுத்தாள். பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, அதன் முனையைக் கேட்டின் கம்பியில் வைத்தாள்.

டெஸ்டருக்குள் சிவப்பாக விளக்கு எரிந்தது.

பத்மாவின் அழுகை நின்றது. தெரு இருட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. காற்று தூக்கித் தூக்கி அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் காற்று கொஞ்சமும் கலைக்காத ரகசியக் குரலில், மூச்சே வாங்காமல், அது கூப்பிட்டது.

இந்த முறை பத்மாவின் பெயரைச் சொல்லி.